முழங்கால் நீரில் மிதக்கும் கார்

வானிலை ஆய்வு மையம் சிவப்பு எச்சரிக்கை விடுத்த சில மணி நேரங்களில் வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரம் கார்கள் வரிசையாக வந்து நிற்கத் தொடங்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கற்பித்த பாடம் அது. 2024 அக்டோபரில் மழை அறிவிப்பு வந்தபோதும் மக்கள் அதையே செய்தார்கள். அபராதம் விதிக்கப்படுகிறது என்று செய்தி பரவியதும், அப்படி எதுவும் இல்லை என்று காவல்துறை விளக்கம் அளித்ததும் நினைவிருக்கலாம். சமூக ஊடகங்களில் அந்தக் காட்சியைப் பலர் கேலி செய்தனர். எனக்கு அதில் கேலிக்குரியதாக எதுவும் தெரியவில்லை. தங்கள் தெருவில் எவ்வளவு நீர் நிற்கும் என்பதை அனுபவத்தால் அறிந்தவர்கள், சேமிப்பின் பெரும்பகுதியைப் போட்டு வாங்கிய ஒரு பொருளை மேட்டில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். பொருளியல் மாணவனுக்கு இதைவிடத் தெளிவான பகுத்தறிவுச் செயலை எடுத்துக்காட்டுவது கடினம்.

வியப்புக்குரியது வேறொன்று. நின்றிருக்கும் காரைக் காப்பதில் இவ்வளவு கவனம் காட்டும் நாம், அதே காருக்குள் குடும்பத்தோடு அமர்ந்துகொண்டு, ஆழம் தெரியாத நீருக்குள் அதைச் செலுத்தத் தயங்குவதில்லை. முடிச்சூர் சாலையிலும், வேளச்சேரி-தாம்பரம் சாலையிலும், பல்லாவரம்-துரைப்பாக்கம் ஆரச்சாலையிலும் மழைக்காலக் காலைப் பொழுதுகளில் இதை எவரும் காணலாம். இந்த இரண்டாவது முடிவைப் பற்றியே இங்கே பேச விரும்புகிறேன்.

முதலில் ஒரு சிறு கணக்கு. சாதாரணமான ஒரு சிறிய கார் 3.6 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் அகலமும் உள்ளது என்று கொள்வோம். அதன் அடிப்பரப்பு 5.4 சதுர மீட்டர். தண்ணீர் காரின் அடித்தளத்தைத் தொட்ட பிறகு உயரும் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 54 லிட்டர் நீர் இடம்பெயர்கிறது. அதாவது 54 கிலோ எடையைத் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது. காரின் எடை 900 கிலோ என்றால், 17 சென்டிமீட்டரில் அதன் முழு எடையும் தண்ணீரின் மேல் வந்துவிடும். தரைக்கும் அடித்தளத்துக்கும் உள்ள இடைவெளி மற்றொரு 17 சென்டிமீட்டர். கூட்டினால் 34 சென்டிமீட்டர். பள்ளிக்கூடத்தில் ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைப் படித்த எவரும் போடக்கூடிய கணக்குத்தான் இது.

உண்மையில் சக்கரக் குழிகளிலும் கதவிடுக்குகளிலும் நீர் புகுவதால் கார் முழுமையாக மிதப்பதற்குச் சற்றுக் கூடுதல் ஆழம் தேவைப்படும். ஆனால் ஆபத்து முழுமையாக மிதக்கும்வரை காத்திருப்பதில்லை. எடை குறையக் குறைய டயருக்குச் சாலையின் மீதுள்ள பிடிப்பும் குறைகிறது. எஞ்சின் முன்புறம் இருப்பதால் பின்புறம் முதலில் எழும்புகிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் 2016ஆம் ஆண்டு உண்மையான கார்களையே தொட்டியில் இறக்கிச் சோதித்தார்கள். மனிதன் மெல்ல நடக்கும் வேகத்தில் ஓடிய 15 சென்டிமீட்டர் நீரே ஒரு சிறிய காரை நகர்த்தத் தொடங்கியது. 60 சென்டிமீட்டரில் அது முழுதாக மிதந்தது. இரண்டரை டன் எடையுள்ள நான்கு சக்கர இயக்க வாகனம்கூட 45 சென்டிமீட்டரில் நிலைதடுமாறியது. உயரமான வண்டி வைத்திருப்பவர்கள் இந்தக் கடைசி எண்ணைக் கவனிக்க வேண்டும். விளம்பரத்தில் ஓடையைச் சீறிக்கொண்டு கடக்கும் வண்டியை நம்பி முழங்கால் அளவு வெள்ளத்தில் இறங்குவோர் பெருகிவருகிறார்கள்.

தேங்கிய நீர் வேறு, ஓடும் நீர் வேறு. இந்த வேறுபாடு தென்சென்னைப் புறநகரில் உயிர்நாடியானது. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் அடையாற்றின் மேல்போக்கில் உள்ளன. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் அடையாற்றில் சேர்வது அவற்றுக்குக் கீழே, திருநீர்மலை அருகில். ஆகவே முடிச்சூரை முதலில் மூழ்கடிப்பது செம்பரம்பாக்கம் அன்று. ஆதனூர், மணிமங்கலம், மண்ணிவாக்கம், சோமங்கலம் எனத் தொடர் சங்கிலியாக அமைந்த ஏரிகளின் உபரிநீர். மழை ஓய்ந்துவிட்டது, வெயில்கூட எட்டிப்பார்க்கிறது என்று வண்டியை எடுப்பவரை, மேட்டிலுள்ள ஏரிகள் நிறைந்து வழிந்த நீர் சில மணி நேரம் கழித்துச் சாலையில் சந்திக்கிறது. 2015 டிசம்பர் 1ஆம் தேதி காலையிலிருந்து மறுநாள் காலைவரை தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். அதற்கு முன்பே, நவம்பர் நடுவில், முடிச்சூர்ப் பகுதியிலிருந்து மக்களை ஹெலிகாப்டரில் மீட்க வேண்டியிருந்தது. மழை மானியை மட்டும் பார்த்து அந்த நாள்களில் சாலையின் நிலையை எவராலும் கணித்திருக்க முடியாது.

கிழக்கே நிலைமை வேறு விதம். சேலையூர், செம்பாக்கம், இராஜகீழ்ப்பாக்கம், நாராயணபுரம் ஏரிகளின் நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நோக்கியே செல்கிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைய வேண்டும். 2022இல் ராம்சர் தகுதி பெற்ற அந்தச் சதுப்பு நிலத்தின் ஊடாகவும் விளிம்பிலும்தான் நாம் நாள்தோறும் பயணிக்கும் சாலைகள் போடப்பட்டிருக்கின்றன. நீர் செல்லும் பாதையில் சாலை குறுக்கிடுகிறது; சாலையில் நீர் குறுக்கிடுவதாக நாம் குறைகூறுகிறோம்.

இனி, சுரங்கப்பாதைகள். 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூர் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீருக்குள் கார் சிக்கி, அதை ஓட்டிவந்த பெண் மருத்துவர் உயிரிழந்தார். 2023 மே மாதம் பெங்களூரு கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் இளம் மென்பொருள் பொறியாளர் ஒருவரும், 2024 செப்டம்பரில் பரீதாபாத்தில் வங்கி ஊழியர்கள் இருவரும் இப்படியே மாண்டனர். இவர்கள் படித்தவர்கள், பொறுப்பற்றவர்கள் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. சுரங்கப்பாதையின் தன்மையே கண்ணை ஏமாற்றுவது. நீரின் மேற்பரப்பு எங்கும் சமமாகத் தெரியும். அடியிலுள்ள சாலையோ சரிந்துகொண்டே போகும். நுழைவாயிலில் கணுக்கால் அளவு இருக்கும் நீர், இருபது மீட்டர் கடந்ததும் காரின் கூரைக்கு மேல் இருக்கும். இரவில், பழக்கமில்லாத ஊரில், பெருமழையில், இதைக் காருக்குள் இருந்தபடி கணிக்க முடியாது. எனவே, சுரங்கப்பாதையில் நீர் தெரிந்தால் ஆழத்தை ஆராயாமல் திரும்பிவிடுவதே முறை.

கார் நீரில் நின்றுவிட்டால் என்ன நடக்கிறது? இதை என் சொந்த மடமையைக் கொண்டே விளக்கலாம். 2015 நவம்பரில் மேற்குத் தாம்பரத்திலிருந்து முடிச்சூர் சாலையில் ஒரு பேருந்தைப் பின்தொடர்ந்து சென்றேன். பேருந்து போகிறதே, நாமும் போகலாம் என்பதுதான் என் தர்க்கம். எதிரில் வந்த லாரி எழுப்பிய அலை காரின் முகப்பில் மோதியது, எஞ்சின் நின்றது. பதற்றத்தில் சாவியை மீண்டும் மீண்டும் திருப்பினேன். அந்த நான்கு திருப்பங்கள் ஒரு பேராசிரியரின் இரண்டு மாத ஓய்வூதியத்தை விழுங்கின.

காற்று உள்ளே போகும் வழியாக எஞ்சினுக்குள் நீர் புகுந்துவிட்டால், சிலிண்டரில் பிஸ்டன் மேலே எழும்போது அழுத்துவதற்குக் காற்றுக்குப் பதில் நீர் இருக்கும். காற்று சுருங்கும், நீர் சுருங்காது. விசை முழுவதும் கனெக்டிங் ராடின் மீது இறங்கி, அது வளைகிறது அல்லது உடைகிறது. மெக்கானிக்குகள் இதை 'ஹைட்ரோ லாக்' என்பார்கள். சைலன்சர் வழியே நீர் புகுவதுதான் பெரிய ஆபத்து என்று பலர் எண்ணுகின்றனர். முன்புறத்தில் காற்று வடிகட்டி அமைந்திருக்கும் உயரம்தான் பெரும்பாலும் முதன்மையானது. நின்ற எஞ்சினை மறுபடி இயக்காமல் விட்டிருந்தால், நீரை வெளியேற்றி, எண்ணெயை மாற்றி, சில ஆயிரங்களில் முடிந்திருக்கக்கூடிய வேலை அது. என் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்தது. அதன் தரப்பில் தர்க்கம் இருந்ததை இப்போது ஒப்புக்கொள்கிறேன். முழுக் காப்பீட்டில் வெள்ளச் சேதம் அடங்கும். ஆனால் நீரில் நின்ற வண்டியை உரிமையாளரே இயக்கியதால் விளைந்த சேதத்தைப் 'பின்விளைவு இழப்பு' என்று வகைப்படுத்தி விலக்குவது பொதுவான நடைமுறை. எஞ்சின் பாதுகாப்புக்கென்று தனியாகக் கூடுதல் கட்டணம் செலுத்தியிருக்க வேண்டும். சட்டப்படி கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு வெள்ளச் சேதத்தில் ஒரு ரூபாயும் கிடைக்காது. மழைக்காலம் தொடங்கும் முன் அந்தக் காகிதத்தை ஒருமுறை எடுத்துப் படிப்பது நல்லது. நான் படிக்கவில்லை.

எரிபொருள் எஞ்சின் இல்லாத மின்சாரக் கார்களுக்கு இந்தச் சிக்கல் இல்லையே என்று கேட்கலாம். எஞ்சினுக்கு இல்லை, ஆர்க்கிமிடீஸ் தத்துவம் அவற்றுக்கும் பொருந்தும். நீரில் மூழ்கிய மின்சாரக் காரை வீட்டில் சார்ஜ் போட்டுப் பார்ப்பது, நான் சாவியைத் திருப்பியதைவிட ஆபத்தானது.

பொருளியலில் 'மூழ்கிய செலவு' என்றொரு கருத்து உண்டு. இனி மீட்க முடியாத செலவை எண்ணி அடுத்த முடிவை எடுக்கக் கூடாது என்று முதலாண்டு மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்போம். பாதித் தொலைவு வந்துவிட்டோம், இனித் திரும்பினால் ஒரு மணி நேரம் வீண் என்று நீருக்குள் இறங்குபவர், அந்தப் பெயருக்கு நேர்ப்பொருளே தந்துவிடுகிறார். முன்னால் சென்ற வண்டி கடந்துவிட்டதைச் சான்றாகக் கொள்வது மற்றொரு பிழை. கடந்தவர்களைத்தான் நாம் பார்க்கிறோம். அந்தப் பேருந்தின் எடை பத்து டன்னுக்கும் மேல். அதன் எஞ்சின் காற்றை உறிஞ்சும் இடம் என் காரின் கூரையை ஒட்டிய உயரம். அதன் வெற்றி எனக்கு எதையும் நிறுவவில்லை.

தனிமனிதரின் பிழை மட்டுமே இது என்று சொல்லிவிடவும் முடியாது. முடிச்சூர் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அடுத்துள்ள வரதராஜபுரம் காஞ்சிபுரம் மாவட்டம். அலுவலகமோ சென்னை மாவட்டத்தில். மூன்று ஆட்சியர்களின் விடுமுறை அறிவிப்புகளையும் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, தன் நிறுவனம் எதுவும் சொல்லாததால் கிளம்புகிறவர் ஏராளம். வராவிட்டால் ஒரு நாள் ஊதியம் போகும் என்பது உறுதி. போனால் விபத்து நேரும் என்பது நிகழ்தகவு. உறுதியான சிறு இழப்பைத் தவிர்க்க நிச்சயமற்ற பெரிய இழப்பை ஏற்பது மனித இயல்பு. சிவப்பு எச்சரிக்கை நாளில் வீட்டிலிருந்து வேலை என்பதை முந்தைய நாள் மாலையிலேயே அறிவிக்கும் நிறுவனம், எந்தச் சாலைப் பாதுகாப்பு வாரத்தையும்விடக் கூடுதலான உயிர்களைக் காக்கும்.

தவிர்க்கவே முடியாமல் தேங்கிய நீரைக் கடக்க நேர்ந்தால் சில செய்திகள். சக்கரத்தின் மையத்துக்கு மேல் நீர் இருந்தால் இறங்கவே கூடாது; ஓடும் நீரானால் அதற்கும் வெகு குறைவான ஆழத்திலேயே திரும்பிவிட வேண்டும். சாலையின் நடுப்பகுதிதான் பொதுவாக மேடாக இருக்கும். ஓரத்தில் மழைநீர் வடிகாலும், மூடி திறந்த பாதாளச் சாக்கடையும் காத்திருக்கும். நம் ஊரில் யாரோ ஒரு நல்லவர் குழியில் மரக்கிளை நட்டு வைத்திருப்பார்; வெள்ளம் அதையும் அடித்துச் சென்றிருக்கலாம். முதல் கியரில், ஒரே சீரான மெதுவான வேகத்தில், எதிரே வண்டி வராத நேரம் பார்த்துக் கடக்க வேண்டும். வேகமாகச் சென்றால் முன்புறம் எழும் அலை நம் எஞ்சினுக்குள்ளேயே புகும். அந்த அலை பக்கத்து வீட்டு வாசலையும் தாண்டும். இரு சக்கர வண்டியில் குழந்தையோடு செல்பவரைச் சாய்க்கும். நம் அவசரத்தின் செலவை இன்னொருவர் ஏற்கும் இத்தகைய நிலையைப் பொருளியல் 'புறவிளைவு' என்கிறது. சிட்லப்பாக்கத்துப் பாட்டிமார்கள் வேறு சொற்களால் அழைக்கிறார்கள். நீரைக் கடந்தபின் பிரேக்கை மெல்லச் சில முறை மிதித்து உலர்த்திக்கொள்ள வேண்டும்.

வெள்ளமே இல்லாத வெறும் மழையும் எளிதன்று. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் கார், பிரேக் மிதித்தபின் உலர்ந்த சாலையில் ஏறத்தாழ 20 மீட்டரில் நிற்கும் என்றால், ஈரச் சாலையில் 35 மீட்டர் தேவைப்படும். பல நாள் வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழை, சாலையில் படிந்த எண்ணெயையும் தூசியையும் குழைத்து வழுக்கலாக்கும். வண்டலூர்-மீஞ்சூர் வெளிவட்டச் சாலையின் தாராளமான அகலத்தில் மற்றோர் ஆபத்தும் உண்டு. டயர் விலக்கும் வேகத்தைவிட நீர் விரைவாகச் சேரும்போது, டயருக்கும் சாலைக்கும் இடையே மெல்லிய நீர்ப்படலம் புகுந்து கார் அதன்மீது வழுக்கிச் செல்லும். 1960களில் விமானச் சக்கரங்களை ஆராய்ந்த நாசா அறிஞர்கள் இதற்கொரு வாய்பாடு கண்டனர். டயரின் காற்றழுத்தம் குறைந்தால் வழுக்கும் வேகமும் குறையும் என்பது அதன் சாரம். 32 அலகு காற்றழுத்தத்தில் மணிக்குச் சுமார் 94 கி.மீ.; 25 அலகில் 83 கி.மீ. மழைக்காலத்தில் பிடிப்புக்காகக் காற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று பெட்ரோல் நிலையத்தில் கிடைக்கும் அறிவுரை தலைகீழானது என்பதற்கு இதுவே சான்று. மொட்டை டயர் என்றால் இன்னும் குறைந்த வேகத்திலேயே வழுக்கும். ஸ்டீயரிங் திடீரென்று இலேசாகிவிட்டதாகத் தோன்றினால் பிரேக்கை மிதிக்காமல், சக்கரத்தைத் திருப்பாமல், ஆக்சிலேட்டரிலிருந்து மட்டும் காலை எடுக்க வேண்டும்.

நமக்குப் பனிப்பொழிவு இல்லை. ஆனால் மார்கழி விடியலில் ஏரிக்கரைச் சாலைகளிலும் வண்டலூருக்கு அப்பால் ஜி.எஸ்.டி. சாலையிலும் மூடுபனி உண்டு. போகி அன்று அதனோடு டயர் எரித்த புகையும் சேரும். விமானங்கள் தாமதமாகும் அந்தக் காலையில் கார்கள் மட்டும் தாமதிக்க மறுக்கின்றன. மூடுபனியில் உயர் ஒளிவிளக்கைப் போட்டால் ஒளி திரும்பி நம் கண்ணிலேயே விழும். தாழ் ஒளியே போதுமானது. ஓடும் காரில் நான்கு பக்க விளக்குகளையும் மின்னவிட்டுச் செல்வது, நாம் எந்தப் பக்கம் திரும்பப் போகிறோம் என்பதைப் பின்னால் வருபவரிடமிருந்து மறைக்கும் செயல். நின்ற வண்டிக்கு உரிய விளக்கு அது.

எல்லாக் கவனத்தையும் மீறிக் கார் நீரில் சிக்கிவிட்டால், முதல் ஒரு நிமிடமே முக்கியம். கதவுக்கு வெளியே அரை மீட்டர் உயரம் நீர் நின்றால், ஒரு மீட்டர் அகலமுள்ள கதவின் மீது அது சுமார் 125 கிலோ எடைக்கு ஈடான விசையைச் செலுத்தும். வயதானவரால் மட்டுமன்று, திடகாத்திரமான இளைஞராலும் அதைத் தள்ளித் திறப்பது அரிது. எனவே தொலைபேசியைத் தேடுவதற்கு முன் சீட் பெல்ட்டைக் கழற்றி, மின் இணைப்பு செயல்படும்போதே சன்னல்களை இறக்கிவிட வேண்டும். குழந்தைகளை முதலில் வெளியேற்றிவிட்டுக் கூரையின் மீதோ மேட்டுக்கோ செல்ல வேண்டும். சன்னல் இறங்காவிட்டால் பக்கக் கண்ணாடியின் நடுவில் அன்று, மூலையில் கூர்மையான பொருளால் அடிக்க வேண்டும். முன்கண்ணாடி இரு படலங்களுக்கிடையே ஒட்டுத்தாள் வைத்துச் செய்யப்படுவதால் எளிதில் உடையாது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிறு சுத்தியல் ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்கலாம். பின்புறப் பெட்டியில் அன்று.

அரசு செய்ய வேண்டியவற்றில் பெருந்திட்டங்களைப் பற்றி இங்கே பேசவில்லை. அடையாற்றைத் தூர்வாருவதும், மூடுகால்வாய் அமைப்பதும் நடக்கட்டும். அதற்குள் செய்யக்கூடிய இரண்டு எளிய காரியங்கள் உள்ளன. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளின் நீர்மட்டம் நாள்தோறும் செய்தியாகிறது. அவை குடிநீர் ஏரிகள். முடிச்சூர்க்காரருக்கு வேண்டியது ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளின் மட்டம். நீர்வளத் துறை அந்த எண்களையும் மழை நாள்களில் மணிக்கொரு முறை வெளியிட்டால், சாலையில் இறங்கலாமா என்பதை மக்கள் வீட்டிலேயே முடிவு செய்துகொள்வார்கள்.

இரண்டாவது, வண்ணப்பூச்சு. ஒவ்வொரு சுரங்கப்பாதையின் சுவரிலும், முடிச்சூர் சாலை போன்ற தாழ்வான சாலைகளின் மின்கம்பங்களிலும், சாலையின் தாழ்ந்த புள்ளியிலிருந்து அளந்து, 30 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு சிவப்புக் கோடு போட வேண்டும். கோடு நீரில் மறைந்திருந்தால் கார் செல்லக் கூடாது. 2021இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது முடிச்சூர் அதற்கு வெளியே ஊராட்சியாகவே நின்றுவிட்டது. அந்தச் சாலையில் கோடு போடவேண்டியவர் மாநகராட்சியா, ஊராட்சியா, நெடுஞ்சாலைத் துறையா, மின்வாரியமா என்ற கேள்வியை வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பாகவே முடித்துக்கொள்ள வேண்டும்.